டிஷ் ரூமில் நிரப்பிய படிவம்

அமெரிக்காவில் எம்.எஸ். படித்த நாட்களில் மாணவர் உணவுக்கூடத்தின் டிஷ் ரூமில் வேலை பார்த்தேன். 2010-ஆம் வருடம். மணிக்கு 7.75 டாலர். எஃப்-1 என்ற மாணவர் விசாக்காரன் என்பதால் செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான், அதைத் தாண்டினால் விசாவுக்கே வேட்டு. ஒரு ராத்திரி தட்டு கழுவும் இயந்திரத்தின் வாயிலிருந்து நீராவி குப்பென்று அடித்து, வலது கையில் மணிக்கட்டுக்கு மேலே ஒரு சாண் அளவுக்குத் தோல் வழன்றுவிட்டது. உயிர் போகிற காயம் இல்லை, ஆனால் எரிச்சல் தாங்க முடியவில்லை. சூபர்வைசர் அம்மாள் என் கையைக் குழாயடியில் பிடித்துவைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு படிவத்தோடு வந்தார். வேலையிடத்தில் ஏற்பட்ட காயத்துக்கான படிவம். 'ஊழியர் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"நான் ஸ்டூடண்ட்தானே, இதை நான் நிரப்பலாமா?" என்று கேட்டேன்.

"கிளாஸ்ல நீ ஸ்டூடண்ட். இங்க நீ எம்ப்ளாயி. சீக்கிரம் கையெழுத்துப் போடு, டாக்டர்கிட்ட போகணும்" என்றார்.

அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்தவர்களுக்கு நான் அன்றைக்கு என்ன பயந்திருப்பேன் என்று தெரியும். ஒரு டாலர்கூடக் கட்டவில்லை. மூன்று நாள் வேலைக்கு வராததற்குக்கூட யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாமா என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கட்டம்தான். அதே பல்கலைக்கழகத்தில், அதே உணவுக்கூடத்தில், எங்கள் வேலை முடிகிற நேரத்தில் ஒரு பையன் வருவான். ஃபுட்பால் டீம், அதாவது நம் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டி மோதுகிற அமெரிக்க ஃபுட்பால். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. பயிற்சி முடிந்து, வீடியோ பார்க்கும் கூட்டம் முடிந்து வருவதற்குள் அடுப்பை அணைத்திருப்போம். மீந்த கோழியை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். சூபர்வைசர் அம்மாள், பாவம், நல்ல மனுஷி, கூடாது என்று தலையை ஆட்டிவிட்டார். மற்ற மாணவனுக்குக் கொடுக்காததை டீம் பையனுக்குக் கொடுத்தால் அது விதிமீறலாம், டீமுக்கே தண்டனை வரலாமாம். எனக்கு அது விளையாட்டாகச் சொல்வதுபோல்தான் இருந்தது. விளையாட்டில்லை என்று பிற்பாடு தெரிந்தது. கல்லூரி விளையாட்டை ஆளுகிற என்சிஏஏவின் சாப்பாட்டு விதிகள் அந்தக் காலத்தில் அவ்வளவு பொடிப் பொடியாக இருந்தன. இடைநேரத் தீனியாக பேகல் ரொட்டி கொடுக்கலாம், அதில் தடவிக்கொள்ள க்ரீம் சீஸ் கொடுத்தால் அது 'சாப்பாடு' ஆகிவிடும், கொடுக்கக்கூடாது! 2014-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஷபாஸ் நேப்பியர், தேசிய பாஸ்கெட்பால் கோப்பையை வென்ற அணியின் நட்சத்திரம், சில ராத்திரி பட்டினியோடு படுக்கிறேன் என்று நிருபர்களிடம் சொன்ன பிறகு, அதே மாதம் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். கோப்பை ஜெயித்தவன் டிவியில் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பையனுக்கு அடுத்த சீசனில் முழங்கால் போயிற்று. அதற்கடுத்த வருடம் அவன் வரவில்லை. அப்போது ஸ்காலர்ஷிப் எல்லாம் ஒவ்வொரு வருடமாகப் புதுப்பிக்கிறதுதான். 1973-இல் கொண்டுவந்த அந்த முறை போய், பல வருடத்துக்குச் சேர்த்துக் கொடுக்கலாம் என்ற விதி வந்தது 2012-இல். அவனுக்கு என்ன ஆயிற்று, யார் பில் கட்டினார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் டிஷ் ரூமில் இருந்த படிவம் அவனுக்குக் கிடையாது என்பது மட்டும் தெரியும். ஏன் கிடையாது? சனிக்கிழமை எண்பதாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஆட்டத்தில் பாப்கார்ன் விற்கிறவன் ஊழியர், பார்க்கிங்கில் கொடி ஆட்டுகிறவன் ஊழியர், தட்டு கழுவுகிற நான் ஊழியர், நடுவில் நின்று முட்டி உடைகிறவன் மட்டும் ஊழியர் இல்லை.

இதைத் தோண்ட ஆரம்பித்தபோதுதான் அந்தச் சொல்லின் கதை கிடைத்தது. 'ஸ்டூடண்ட்-அத்லெட்'. கேட்டால் என்ன அழகான சொல், படிப்பும் விளையாட்டும் கைகோத்து நிற்கிற மாதிரி. 1950-களில் கொலராடோவில் இரண்டு வழக்குகள் நடந்தன. முதல் வழக்கு, டென்வர் பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் ஆடிய எர்னஸ்ட் நெமத். ஆட வந்தவனுக்கு டென்னிஸ் கோர்ட்டைப் பராமரிக்கிற வேலையையும் கொடுத்திருந்தார்கள், ஃபுட்பால் பயிற்சியில் முதுகில் அடிபட்டது. வேலையும் ஆட்டமும் பின்னிக் கிடக்கின்றன, ஆகவே இவர் ஊழியர்தான், நஷ்டஈடு உண்டு என்று 1953-இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாடு முழுக்க பல்கலைக்கழக வக்கீல்களுக்கு வயிற்றில் புளி கரைத்திருக்கும். இரண்டாவது வழக்கு ரே டெனிசன். அதே மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி அணிக்கு ஆடியவர், 1955-இல் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். மனைவி தொழிலாளர் நஷ்டஈடு கேட்டார். 1957-இல் அதே நீதிமன்றம் இல்லை என்றது. கல்லூரி ஒன்றும் ஃபுட்பால் தொழில் செய்யவில்லையாம்.

இந்த ஆபத்து கிளம்பிய அந்தக் காலத்தில்தான் என்சிஏஏ 'ஸ்டூடண்ட்-அத்லெட்' என்ற சொல்லைச் செதுக்கி, விதிப்புத்தகத்திலிருந்து பத்திரிகைக் குறிப்பு வரை எல்லா இடத்திலும் நுழைத்தது. இதை யாரோ எதிரி சொல்லவில்லை. 1951-இலிருந்து மூன்றரைப் பத்தாண்டுக்கும் மேல் என்சிஏஏவை நடத்திய வால்டர் பயர்ஸ், ஓய்வு பெற்ற பிறகு 1995-இல் எழுதிய புத்தகத்தில் தானே ஒப்புக்கொண்டார். தான் கட்டிய வீட்டுக்குத் தானே கடப்பாரை எடுத்த மனிதர். அந்தச் சொல் எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பதற்கு கென்ட் வால்ட்ரெப் சாட்சி. டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர், 1974-இல் அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில் கழுத்தெலும்பு முறிந்து கைகால் விழுந்துவிட்டது. அவர் ஊழியரா இல்லையா என்று பல வருடம் இழுத்த வழக்கு, 2000-இல் டெக்சஸ் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 'இல்லை' என்று முடிந்தது. 26 வருடம் கழித்து.

அதனால் சம்பளப் பேச்சு என்றாலே எல்லோரும் நட்சத்திர ஆட்டக்காரன் எந்த கார் வாங்கினான் என்று ஆரம்பிக்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

சரி, பணத்துக்கும் வருவோம், அதை விட்டுவிட்டுப் பேச முடியாது. 'காசு கலக்காத தூய கல்லூரி விளையாட்டு' என்று ஒன்று ஏதோ காலத்தில் இருந்தது, இப்போது கெட்டுவிட்டது என்று பெரியவர்கள் பேசுவார்கள். அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகள் மோதிய முதல் போட்டி 1852-இல் ஹார்வர்டுக்கும் யேலுக்கும் நடந்த படகுப் போட்டி. நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு ஏரியில். ஏற்பாடு செய்தது யார் தெரியுமா? ஒரு ரயில் கம்பெனி. அந்த ஏரிக்குப் போகும் ரயிலுக்குப் பயணிகளைச் சேர்க்க வேண்டும், அதற்குப் படகோட்டிகளுக்குப் போகவர, தங்க, சாப்பிட எல்லாச் செலவும் கம்பெனியே பார்த்துக்கொண்டது. ஆக, முதல் நாளே ஸ்பான்சர்.

இப்போதைய கணக்கு வேறு உயரத்தில் இருக்கிறது. மார்ச் மாத பாஸ்கெட்பால் போட்டியை ஒளிபரப்ப சிபிஎஸ்ஸும் டர்னரும் 2010-இல் போட்ட ஒப்பந்தம் 14 வருடத்துக்கு 1,080 கோடி டாலர். 2016-இல் அதை இன்னும் எட்டு வருடம் நீட்டினார்கள், அதற்கு 880 கோடி டாலர். கோச்சுகளைப் பாருங்கள். அலபாமாவின் நிக் சேபன் ஓய்வு பெறும்போது வருடத்துக்கு 1.1 கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார், சரி, அவர் ஜெயித்துக் கொடுத்தார். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை அனுப்பியபோது ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கு மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு! ஆட்டக்காரனுக்குக் காசு கொடுத்தால் கல்லூரி விளையாட்டின் ஆத்மா போய்விடும் என்று சொன்ன அதே வட்டாரம்தான் இதற்குக் கையெழுத்துப் போட்டது.

மறுபக்கத்தில், ஜார்ஜியாவின் ஏ.ஜே. கிரீன் 2010-இல் தன் சொந்த ஜெர்சியை ஆயிரம் டாலருக்கு விற்றார், நான்கு ஆட்டம் தடை. கொலராடோவில் ஃபுட்பால் ஆடிய ஜெரமி ப்ளூம் ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கும் போனவர். பனிச்சறுக்குக்கு ஸ்பான்சர் இல்லாமல் பயிற்சி எடுக்க முடியாது, ஸ்பான்சர் வாங்கினார், ஃபுட்பால் ஆடும் தகுதி போயிற்று. வேறொரு விளையாட்டில் வாங்கிய காசுக்கு இந்த விளையாட்டில் தண்டனை. 2017-இல் சென்ட்ரல் ஃப்ளோரிடாவின் டொனால்ட் டி லா ஹே யூடியூபில் தன் வீடியோக்களால் காசு பார்த்தார் என்பதற்காகத் தகுதி இழந்தார். அதே வளாகத்தில் வயலின் படிக்கிற மாணவன் கச்சேரி செய்து சம்பாதிக்கலாம், கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவன் ஆப் விற்கலாம். இவர்களுக்கு மட்டும் விரதம்.

அப்போது என் ரூம்மேட்டோடு இதைப் பற்றி நிறைய சண்டை போட்டிருக்கிறேன். அவன் வாதம் எளிமையானது, நம்மைப் போன்றவர்களுக்கு உடனே உறைக்கும். "மச்சி, நீயும் நானும் பேங்க் லோன் போட்டு வந்திருக்கோம். அவனுக்கு ஃபீஸ் கிடையாது, ரூம் வாடகை கிடையாது, புத்தகம்கூட ஓசி. இதுக்கு மேல என்னடா சம்பளம் வேணும் அவனுக்கு?" நியாயமான கேள்விதான், ரொம்ப நாள் எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது. படிப்புதான் கூலி என்றால், படிக்க விட வேண்டும் இல்லையா. எங்களுக்கு விசா விதிப்படி 20 மணி நேரம். வேடிக்கை என்னவென்றால் என்சிஏஏவும் சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்று விதி வைத்திருக்கிறது. ஆனால் கணக்கு போடுகிற விதம்! ஆட்டம் நடக்கிற நாளில் காலையிலிருந்து ராத்திரி வரை என்ன நடந்தாலும் அது மூன்று மணி நேரம். விமானத்தில் போய் வருகிற நேரம் கணக்கில் வராது. காயத்துக்கு ஃபிசியோதெரபி எடுக்கிற நேரமும் வராது. 2014-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர்கள் யூனியன் கேட்டபோது, அரசின் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அதிகாரி உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். சீசனில் வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேரம், சீசனுக்கு முந்தைய முகாமில் 50 முதல் 60. நான் 20 மணி நேரம் தட்டு கழுவிவிட்டே அசைன்மெண்டைக் கோட்டை விட்டவன்.

அப்புறம் நார்த் கரோலினா கதை. சேப்பல் ஹில் பல்கலைக்கழகம், பாஸ்கெட்பாலுக்கும் படிப்புக்கும் சேர்த்துப் பேர் போன இடம். அங்கே ஒரு துறையில் 1993 முதல் 2011 வரை 18 வருடம், வகுப்பே நடக்காத 'காகித வகுப்புகள்' ஓடின, ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் நல்ல மார்க். 3,100 மாணவர்களுக்கு மேல் அதில் இருந்தார்கள், கிட்டத்தட்டப் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். 2014-இல் விசாரணை அறிக்கை வெளிவந்தது. 2017-இல் என்சிஏஏ என்ன சொன்னது? மற்ற மாணவர்களும் அந்த வகுப்பில் இருந்தார்கள், ஆகவே வீரர்களுக்கு மட்டும் காட்டிய சலுகை இல்லை, தண்டிக்க வழியில்லை. க்ரீம் சீஸுக்கு விதி இருந்தது, இல்லாத வகுப்புக்கு விதி இல்லை. கூலியாகக் கொடுக்கப்பட்டதாகச் சொன்ன படிப்பையே போலியாகக் கொடுத்தால் அதைக் கூலி என்று எப்படிச் சொல்வது? இதை ரூம்மேட்டுக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது, அவனிடமிருந்து அதுவே பெரிய விஷயம்.

இந்தக் கோட்டையை இடித்தது ஒரு வீடியோ கேம் என்பது எனக்கு இன்னும் சிரிப்பான விஷயம். 1995-இல் கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்கு பாஸ்கெட்பால் கோப்பை வாங்கிக் கொடுத்த எட் ஓபானன், ஒரு நண்பர் வீட்டுக்குப் போனபோது பையன் ஆடிக்கொண்டிருந்த இஏ ஸ்போர்ட்ஸ் கேமில் தன்னையே பார்த்தார். அதே மொட்டைத் தலை, அதே எண், அதே இடதுகை ஷாட், பெயர் மட்டும் இல்லை. ஒரு பைசா வரவில்லை. 2009-இல் வழக்குப் போட்டார், 2014-இல் நீதிபதி க்ளாடியா வில்கன் என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னார். அதற்கு முன்பே இஏ தன் கல்லூரி கேம்களை நிறுத்திவிட்டிருந்தது. பிறகு 2021 ஜூனில், ஆல்ஸ்டன் என்ற வீரர் பெயரில் நடந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் என்சிஏஏவை 9-0 என்று அடித்தது. விஷயம் சின்னதுதான், கம்ப்யூட்டர், மேற்படிப்பு மாதிரி கல்வி சார்ந்த உதவிகளுக்கு உச்சவரம்பு வைக்கக்கூடாது என்பதுதான். ஆனால் நீதிபதி கேவனா தனியாக எழுதிய குறிப்பில், வேறு எந்தத் தொழிலிலும் இப்படிக் கூலியைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் போட்டுத் தப்பிக்க முடியாது, என்சிஏஏ சட்டத்துக்கு மேலானது அல்ல என்று முகத்தில் அறைந்த மாதிரி எழுதினார். பத்து நாளில், ஜூலை 1-ஆம் தேதி, பெயர், உருவம், அடையாளம் ஆகியவற்றை விற்றுக்கொள்ளலாம் என்று கதவு திறந்தது. இதைத்தான் எல்லோரும் என்ஐஎல் என்கிறார்கள். 2024-இல் இஏவின் கல்லூரி ஃபுட்பால் கேம் திரும்பி வந்தது, இந்தமுறை சம்மதித்த ஒவ்வொரு ஃபுட்பால் வீரருக்கும் 600 டாலரும் கேமின் ஒரு பிரதியும்.

என்ஐஎல் வந்த பிறகு நடந்தது திருவிழாக் கூட்டம். பணக்கார ரசிகர்கள் சேர்ந்து 'கலெக்டிவ்' என்று அமைத்து, விளம்பரம் என்ற பெயரில் ஆள் பிடித்தார்கள். டென்னசி அணியின் ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக் நீகோ இயாமலியாவா 2025 ஏப்ரலில் பணத் தகராறில் பிரிந்து யுசிஎல்ஏவுக்குப் போனபோது, விசுவாசம் செத்துவிட்டது என்று ஒப்பாரி. 2021-இல் நோட்டர்டாம் கோச் ப்ரையன் கெல்லி, அணிக்கு இன்னும் சாம்பியன்ஷிப் வாய்ப்பு இருந்த நேரத்திலேயே லூசியானாவின் எல்எஸ்யூ பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினாரே, அதைத் 'தொழில் முன்னேற்றம்' என்றோம். இருபது வயதுப் பையன் அதையே செய்தால் பேராசை.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒரு மூலை இங்கே உண்டு. எஃப்-1 விசாவில் ஆடுகிறவர்கள் இந்தத் திருவிழாவுக்கு வெளியே நின்றார்கள். அமெரிக்க மண்ணில் விளம்பரத்துக்கு நடித்தால் அனுமதியில்லாத வேலை. கெண்டக்கியின் ஆஸ்கர் ஷிப்வே, காங்கோவிலிருந்து வந்தவர், 2022-இல் நாட்டிலேயே சிறந்த கல்லூரி பாஸ்கெட்பால் வீரர். அணி அந்த ஆகஸ்டில் பஹாமாஸுக்கு விளையாடப் போனபோது, அங்கே வைத்து அவசர அவசரமாக விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டு வந்தார். கூட ஆடுகிறவன் ட்ரெஸ்ஸிங் ரூமிலிருந்தே சம்பாதிக்க, இவர் தீவுக்குப் போக வேண்டியிருந்தது. தட்டு கழுவ எனக்கு அனுமதி கொடுத்த அதே விசா.

பிறகு ஹவுஸ் வழக்கு. கிராண்ட் ஹவுஸ் என்ற நீச்சல் வீரர் பெயரில் நடந்தது, மறுபடியும் அதே நீதிபதி வில்கன். 2025 ஜூன் 6-ஆம் தேதி சமரசத்துக்கு ஒப்புதல். பழைய வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் பாக்கி, பத்து வருடத்தில். இனிமேல் இதில் சேருகிற ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் வருடம் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். இதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கும் போகிறது. பாக்கித் தொகையிலும் அப்படித்தான், அதை எதிர்த்துப் பெண் வீராங்கனைகள் சமத்துவச் சட்டத்தைக் காட்டி மேல்முறையீடு போனார்கள். போகாமல் என்ன செய்வார்கள், 2021 தேசியப் போட்டியில் ஆண்களுக்கு முழு ஜிம்மும் பெண்களுக்கு ஒரு அடுக்கு டம்பெல்லும் கொடுத்த அமைப்பு இது.

ஆக, சம்பளம் வந்துவிட்டது, கதை முடிந்தது என்று நினைக்கலாம். நானும் ஒரு நாள் நினைத்தேன். ஒப்பந்தம் எப்படி எழுதப்படுகிறது என்று படித்தபோதுதான் மறுபடி அந்தக் கட்டம் ஞாபகம் வந்தது. பல்கலைக்கழகம் பெரும்பாலும் ஆடுவதற்குப் பணம் கொடுப்பதாக எழுதுவதில்லை. வீரரின் பெயரையும் படத்தையும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமைக்குக் கொடுக்கிறது. அதாவது காகிதத்தில் அவர் முகத்தை வாடகைக்கு விடுகிறார், முழங்கால் இலவசம். ஊழியர் என்ற சொல் மட்டும் எங்கேயும் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள், பயர்ஸ் காலத்து எச்சரிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. நார்த்வெஸ்டர்ன் வீரர்களுக்கு வட்டார அதிகாரி ஊழியர் என்று சொன்னதை 2015-இல் வாரியம் 'எங்கள் அதிகாரத்தை இதில் செலுத்த மாட்டோம்' என்று ஒதுக்கிவிட்டது. டார்ட்மவுத் பாஸ்கெட்பால் பையன்கள் 2024 மார்ச்சில் 13-2 என்று யூனியனுக்கு வாக்களித்தார்கள், வருடக் கடைசியில் மனுவையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதே 2024 ஜூலையில் மூன்றாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், வீரர்கள் ஊழியர்களாக இருக்கவும் கூடும், அமெச்சூர் என்ற ஒரே காரணத்தால் மறுக்க முடியாது என்று சொல்லி வழக்கைக் கீழே அனுப்பியது.

நியாயமாகச் சொல்ல வேண்டும், காயத்துக்கு ஒன்றுமே இல்லை என்பது இப்போது சரியில்லை. 2024 ஆகஸ்டிலிருந்து, ஆடி முடித்த பிறகும் இரண்டு வருடம் வரை காயச் செலவுக்கு என்சிஏஏ காப்பீடு வைத்திருக்கிறது. நல்லது. ஆனால் முழங்கால் இரண்டு வருடத்தில் கணக்கை முடித்துக்கொள்கிற உறுப்பு இல்லையே. என் கட்சி இதுதான்: பணமும் கொடுங்கள், ஊழியர் என்றும் சொல்லுங்கள், இரண்டில் ஒன்றை விட வேண்டுமென்றால் முதலில் அந்தச் சொல்லைக் கொடுங்கள். மாணவன் ஊழியராக இருக்க முடியாது என்பது வடிகட்டின பொய், என் கையில் தழும்பு இருக்கிறது.

போன மாதம் அந்த ரூம்மேட் கூப்பிட்டான். அவன் மகள் பள்ளியில் நீச்சல் வீராங்கனை, இரண்டு மூன்று பல்கலைக்கழகங்கள் பேசுகின்றனவாம். குரலில் பெருமை பாதி, பயம் பாதி. "டேய், ஃபுட்பாலுக்கு இவ்ளோ காசு கொடுத்தா நீச்சல் டீமையே மூடிருவாங்களாம்ல? நீ வேற அந்தக் காலத்துல கொடுக்கணும் கொடுக்கணும்னு கத்துவ." கத்தினேன்தான். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் விளையாட்டுத் துறை வரவைவிடச் செலவுதான் அதிகம், காசு பார்ப்பது ஃபுட்பாலும் பாஸ்கெட்பாலும், மற்றவை அதன் நிழலில் பிழைக்கின்றன. நிழலைக் குறைத்தால் யார் மீது வெயில் விழும் என்பதற்கு என்னிடம் அவனைச் சமாதானப்படுத்துகிற பதில் இல்லை. கோச்சின் 7.5 கோடியைப் பற்றிச் சொன்னேன், "அதெல்லாம் என் பொண்ணுக்கு வரப்போறதில்ல" என்றான். அதுவும் சரிதான்.

கடைசியில் ஒன்று மட்டும் சொன்னேன். "ஸ்காலர்ஷிப் எவ்ளோன்னு கேக்குறதுக்கு முன்னாடி, நாளைக்கே தோள்பட்டை போச்சுன்னா பில்லை யார் கட்டுவாங்க, எத்தனை வருஷத்துக்குக் கட்டுவாங்க, ஸ்காலர்ஷிப் இருக்குமான்னு கேளு. எழுத்துல வாங்கு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அந்தத் தட்டு மெஷின் நாள் ஞாபகம் இருக்காடா உனக்கு?" என்றான். ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது அவன்தான்.